வயலில் நிற்பவரின் பெயர் இடாப்பில் இருக்கிறதா?



பெரும்போகம் தொடங்கிவிட்டால் கிளிவெட்டிப் பக்கத்தில் தேநீர்க் கடையிலும் கோயில் வீதியிலும் பஸ் நிற்கும் சந்தியிலும் ஒரே கேள்விதான் காதில் விழும். "மானியம் விழுந்திட்டா?" என்பார்கள். வங்கிக் கணக்கில் பசளை மானியப் பணம் வந்துவிட்டதா என்பது அதன் பொருள். இது பெரும்பாலும் ஆண்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. பெண்கள் என்னிடம் கேட்பது வேறு. "மிஸ், அந்தக் காசு ஆருக்குச் சேர வேண்டியது? காணிப் பேர்காரருக்கா, வெள்ளாமை செய்யிறவருக்கா?"

வீடுகளுக்குப் போகும்போது அடுப்படியில் வைத்து, மெல்லிய குரலில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி இதைக் கேட்கிறார்கள். கேட்பதற்கே தயங்கும் கேள்வி என்பதால்தான் இந்த மாதம் அதை வெளிப்படையாகப் பேசலாம் என்று நினைத்தேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசளை மானியம் பயிர் செய்பவருக்கு உரியது. ஆனால் அது போய்ச் சேருவது, பயிர் செய்பவர் என்று கமநல சேவை நிலையத்தில் யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறதோ அவருக்கு. இந்த இரண்டு பேரும் ஒருவராக இருந்தால் பிரச்சினை இல்லை. போர் நடந்த எங்கள் பிரதேசங்களில் பல குடும்பங்களில் இவர்கள் ஒருவராக இல்லை.

மூடையாக வந்தது, பணமாக மாறியது

இலங்கையில் நெல் விவசாயிகளுக்கு உர மானியம் 1962 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன்பின் அது பல தடவை உருமாறியது. 2005 ஆம் ஆண்டின் இறுதியில் 50 கிலோ மூடை ஒன்று 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 சிறுபோகத்தில் மூடை நின்று பணம் வந்தது. 2018 இல் திரும்பவும் மூடை, 500 ரூபாவுக்கு. பின்னர் நெல்லுக்கு இலவசமாகவும் தரப்பட்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியபோதும், அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் எப்படி விழுந்தது என்பதை வெள்ளாமை செய்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 சிறுபோகத்தில் இந்தியக் கடனுதவியில் வந்த யூரியா மூடை 10,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது. அந்த ஆண்டின் பெரும்போகத்திலிருந்து மானியம் மறுபடியும் பணமாகக் கணக்குக்கு வரத் தொடங்கியது. 2023/24 பெரும்போகத்தில் ஹெக்டயருக்கு 15,000 ரூபா. 2024/25 பெரும்போகத்தில் அது 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒருவருக்கு ஆகக்கூடியது 2 ஹெக்டயர் வரைதான்.

ஒரு ஹெக்டயர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஆகவே 2 ஏக்கர் வயல் செய்யும் ஒரு பெண்ணுக்கு, 25,000 ரூபா கணக்கின்படி 20,000 ரூபாவுக்குச் சற்று மேலே கிடைக்க வேண்டும். உழவுக் கூலியும் விதைநெல்லும் கைக்கு வராத நேரத்தில், காதில் கிடக்கும் தோட்டை அடகுக்குக் கொண்டுபோகாமல் காப்பாற்றக்கூடிய தொகை அது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. மூடையாக வந்த காலத்தில், அது யார் பெயரில் வந்தாலும் கடைசியில் அந்த வயலுக்குத்தான் போனது. மைத்துனர் பெயரில் எடுத்தாலும் மாமனார் பெயரில் எடுத்தாலும் மூடையை வரம்பில் இறக்கினால் பயிருக்குப் பயன் கிடைத்தது. பணம் அப்படியல்ல. அது கணக்கில் விழுகிறது. கணக்கு யாருடையதோ அவருடைய கையில் நிற்கிறது. அங்கிருந்து வயலுக்கு வருவதும் வராததும் அவருடைய மனதைப் பொறுத்தது. மூடை பணமாக மாறிய நாளிலிருந்து, இடாப்பில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது முன்னெப்போதையும் விட முக்கியமாகிவிட்டது. இதை எங்கள் பெண்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பெயர்கள் எப்படி மாறிப்போயின?

இந்தக் குழப்பம் யாரோ ஒருவரின் கெட்ட எண்ணத்தால் மட்டும் வந்ததல்ல. எங்கள் பிரதேசத்தின் கதையே அப்படிப்பட்டது. 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டதோடு தொடங்கிய சண்டையில் மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடியது. திரும்பி வந்தவர்களில் சம்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள், சொந்த நிலம் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டதால், கிளிவெட்டியிலும் அயலிலும் இருந்த இடைத்தங்கல் முகாம்களில் தகரக் கொட்டில்களில் காலம் கழித்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலுமே கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. எட்டு ஒன்பது வருடம் வயலைப் பார்க்காமல் இருந்த குடும்பங்கள் உண்டு. பயிர் செய்யாத நிலத்துக்கு மானியம் இல்லை. அந்த வருடங்களில் அவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

வயலுக்குப் போகக்கூடியதாக இருந்த இடங்களில் இன்னொன்று நடந்தது. கணவன் இறந்த, அல்லது காணாமற்போன பெண் பிள்ளைகளோடு முகாமில் இருப்பாள். அவளுடைய வயலைத் தரிசாக விடக்கூடாது என்று கணவனின் தம்பியோ பெரியப்பா மகனோ முதல் போகத்தை விதைப்பார். பதிவுக்கு வந்த உத்தியோகத்தர் வயலில் நின்றவரின் பெயரை எழுதிக்கொள்வார். அதில் பிழையில்லை. அன்றைக்குப் பயிர் செய்தவர் அவர்தான். ஆனால் அந்தப் பெண் திரும்பி வந்து, வரம்பு கட்டி, விதைத்து, களை பிடுங்கி, இரவில் தண்ணீர் கட்டி, பத்து வருடம் வெள்ளாமை செய்த பிறகும் இடாப்பில் அதே பெயர்தான் கிடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கதை இது. பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் 2006 இடம்பெயர்வின்போது காணாமற்போனார். கணவரின் பெயரில் அனுமதிப்பத்திரம் உள்ள 2 ஏக்கர் வயல். கணவரின் தம்பி முதல் இரண்டு போகம் செய்து கொடுத்தார். பிறகு அக்காவே செய்கிறார். மானியப் பணம் தம்பியின் கணக்குக்குப் போகிறது. அவர் கெட்டவர் அல்ல. சில போகம் முழுவதையும் கொடுத்தார், சில போகம் பாதியைக் கொடுத்தார், ஒரு போகம் தன் பிள்ளையின் வருத்தத்துக்குச் செலவாகிவிட்டது என்றார். அக்காவும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "தம்பி தந்தவர்தானே மிஸ், தராம விடேல்ல" என்றார். எனக்கு அந்த "தந்தவர்" என்ற சொல்தான் மனதில் தைத்தது. தன்னுடைய வயலுக்கு அரசாங்கம் கொடுத்த பணத்தை அவர் இன்னொருவருடைய தயவாகப் பெற்றுக்கொண்டிருந்தார்.

மரணச் சான்றிதழ் இல்லாமல் முடியாதா?

"பெயரை மாற்றலாமே அக்கா" என்று சொன்னபோது அவர் முகம் கறுத்துவிட்டது. முன்னர் ஒருதரம் ஓர் அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார். கணவரின் மரணச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். "அவர் செத்திட்டார் எண்டு என்ட கையால ஒப்பம் வைக்க மாட்டன். 20,000 ரூபாவுக்கு நான் அவர விக்கிறதா?" என்று கேட்டார்.

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேர் இதே காரணத்துக்காகத் திரும்பி வந்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

காணி யாருடையது என்பது ஒரு கேள்வி. அதில் பயிர் செய்பவர் யார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் மரணச் சான்றிதழ் என்ற சுவர் எழும்புகிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கும் கமத்தொழில் காணி இடாப்பில் காணிச் சொந்தக்காரரின் விபரமும் பயிர் செய்பவரின் விபரமும் தனித்தனியாக வரும். குத்தகைக்குச் செய்பவரும் அதில் பதியப்படுவது இந்த அடிப்படையில்தான். ஆகவே அனுமதிப்பத்திரம் கணவர் பெயரிலேயே இருக்க, பயிர் செய்பவராக உங்கள் பெயரைப் பதியும்படி நீங்கள் கேட்கலாம். அதற்காக யாரும் இறந்துவிட்டதாக நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

காணி உரித்து விடயம் வேறு. அதற்கும் இப்போது வேறொரு பத்திரம் உண்டு. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010 ஆம் ஆண்டில் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்தது. அதை ஏற்க மனமில்லாதவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் திருத்தம் காணாமற்போனமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. அவர் இல்லை என்று சொல்லுமே தவிர, இறந்தார் என்று அது சொல்லாது. உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அதைப் பயன்படுத்தலாம். தேடுதலை அது நிறுத்தாது.

கணவர் இறந்தது உறுதியாகி, சான்றிதழும் கையில் உள்ள சகோதரிகள் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போய் அனுமதிப்பத்திரக் காணியின் பின்னுரித்தைப் பற்றிக் காலம் தாழ்த்தாமல் கேளுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரித்தில் ஆண் பிள்ளைகளை முன்னே வைத்திருந்தது. 2022 ஆம் ஆண்டில் அந்த வேறுபாடு திருத்தப்பட்டது. மகனுக்குத்தான் காணி என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால், சட்டம் மாறிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம்.

என்ன செய்யலாம்?

அந்த அக்காவோடு நான் நடந்த வழியை அப்படியே எழுதுகிறேன். உங்கள் இடத்தில் சிறு வித்தியாசங்கள் இருக்கக்கூடும்.

முதலாவது, வீட்டில் பேசுவது. இதைத்தான் நாங்கள் பின்னுக்குத் தள்ளுகிறோம். அக்காவின் மாமியார் "காணியப் பறிக்கப் போறாள்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தம்பியைத் தனியே கூப்பிட்டு, காணி அண்ணன் பெயரில்தான் இருக்கப்போகிறது, அதில் கை வைக்கவில்லை, பயிர் செய்பவரின் பெயரை மட்டும்தான் மாற்றுகிறோம் என்று விளங்கப்படுத்தியபோது அவர் சம்மதித்தார். "அண்ணி முதலே கேட்டிருந்தா நான் முதலே தந்திருப்பன்" என்றார். நம்ப வேண்டிய சொல்லோ இல்லையோ, கடிதத்தில் ஒப்பம் வைத்துக் கொடுத்தார்.

இரண்டாவது, ஆட்சாட்சி. உங்கள் வயலை நீங்கள்தான் செய்கிறீர்கள் என்பதை வட்டவிதானையும் கமக்காரர் அமைப்பின் தலைவரும் அறிவார்கள். கிராம உத்தியோகத்தரும் அறிவார். அவர்களிடம் எழுத்தில் உறுதிப்படுத்தி வாங்குங்கள். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான கமநல ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர் வயலுக்கு வரும்போது நீங்களும் வரம்பில் நில்லுங்கள். "ஆம்பிளையள் வந்தா பேசுவினம்" என்று வீட்டுக்குள் நிற்காதீர்கள்.

மூன்றாவது, கமநல சேவை நிலையத்தில் எழுத்து மூலம் விண்ணப்பிப்பது. அடையாள அட்டைப் பிரதி, காணிப் பத்திரத்தின் பிரதி, உறுதிப்படுத்தும் கடிதங்கள், உங்கள் சொந்தப் பெயரிலுள்ள வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி. விண்ணப்பத்தின் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். ஏக்கர் வரியை உங்கள் கையால் கட்டிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது, போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போவது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்பதெல்லாம் தீர்மானமாகும் இடம் அது. அங்கே நாலைந்து பெண்கள் சேர்ந்து போய் உட்காருங்கள். தனியே போனால் கூச்சம், சேர்ந்து போனால் பலம்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். "இந்த வயலுக்கு யாருடைய பெயர் பதியப்பட்டுள்ளது?" என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

அக்காவுக்கு அலுவல் முடிய ஒரு போகம் தவறிப்போனது. அடுத்த போகம் அவருடைய பெயரில் வந்தது. அந்தப் பணத்தில் பழைய கடன் போக மிஞ்சியது சொற்பம்தான். ஆனாலும் வங்கியிலிருந்து வெளியே வந்தபோது அவர் புத்தகத்தைத் திறந்து தன் பெயரை இரண்டு தரம் வாசித்தார்.

பணத்தைவிடப் பெரியது

"இந்தக் கொஞ்சக் காசுக்கு இவ்வளவு அலைச்சலா?" என்று கேட்கலாம். பெயர் பதியப்பட்டால் மானியம் மட்டும் வருவதில்லை. பயிர் அழிந்தால் வரும் காப்புறுதி இழப்பீடு அந்தப் பதிவை ஒட்டியே வருகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு நெல் கொடுக்கவும் விவசாயி என்ற பதிவு தேவை. காணிப் பிணக்கு வந்தால் இடாப்பில் உள்ள பதிவு ஒரு சான்றாக நிற்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து எங்கள் வயல்களில் வெள்ளம் பாய்ந்ததைப் பார்த்தோம். அப்படியொரு நாளில், அழிந்த வயல் யாருடையது என்று கேட்டு வருபவரின் கையில் இருப்பது ஒரு பட்டியல். சேற்றில் நின்று அழுபவர் யார் என்பதை அந்தப் பட்டியல் பார்க்காது.

இது எங்கள் நாட்டில் மட்டும் உள்ள குறையல்ல. இந்தியாவில் 2019 இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டம் விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாவை மூன்று தவணையாகக் கணக்கில் போடுகிறது. அதுவும் காணிப் பதிவேட்டைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. அதனால் பட்டா தன் பெயரில் இல்லாமல் பாடுபடும் பெண்ணுக்கும் குத்தகைக்குச் செய்பவருக்கும் அது எட்டுவதில்லை. உலக அளவில் விவசாய நிலம் வைத்திருப்போரில் பெண்கள் 15 வீதத்துக்கும் குறைவு என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சொல்கிறது. நிலத்தில் குனிந்து நிற்பவர்களை எண்ணினால் கணக்கு எப்படி வரும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயரைப் பதிவதால் எல்லோருக்கும் விடிவு வந்துவிடாது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் பெண், பதிவைக் கேட்டால் அடுத்த போகம் காணிக்காரர் வயலைத் தரமாட்டார் என்று பயப்படுகிறாள். அந்தப் பயம் நியாயமானது. அவளுக்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் எடுத்துக் கொடுக்க மாதர் சங்கங்கள் முன்வர வேண்டும். ஒரு துண்டு வயலும் இல்லாமல் நாற்று நடவும் களை பிடுங்கவும் கூலிக்குப் போகும் சகோதரிகளுக்கு இந்த மானியத்தில் ஒரு சதமும் இல்லை. அவர்களைப் பற்றி இன்னொரு மாதம் விரிவாகப் பேச வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை. இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், நீங்கள் பாடுபடும் வயலுக்கு இடாப்பில் யாருடைய பெயர் இருக்கிறது என்று விசாரியுங்கள். சண்டைக்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. எழுத வாசிக்கத் தெரியாத அயல் வீட்டுப் பெண் இருந்தால் அவருக்கும் இதை வாசித்துக் காட்டி, கமநல சேவை நிலையத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த போகக் கூட்டம் வருமுன் செய்துவிடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.